கணக்கைத் திறக்கும் கட்டளை சொல்லாமல் எடுக்கும் முடிவுகள்: லினக்ஸில் ஓர் ஒப்பீடு

லினக்ஸ் கணினியில் கட்டளைவரியிலிருந்து ஒரு பயனர் கணக்கை உருவாக்க முற்படும் எவரும் முதலில் எதிர்கொள்வது, ஒரே இரண்டு சொற்களை முன்பின்னாக மாற்றிப்போட்ட இரு கட்டளைகளை: யூசர்ஆட், ஆட்யூசர். இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணிக் கைக்கு வந்ததைத் தட்டச்சு செய்பவர்கள் பலர். இவை போதாதென்று, ஒரே கோப்பிலிருந்து பலரைச் சேர்க்கும் நியூயூசர்ஸ், கட்டளைகளை வரிசையாக ஒரு கோப்பில் நாமே எழுதிக்கொள்ளும் ஷெல் ஸ்கிரிப்ட், பல சர்வர்களை ஓரிடத்திலிருந்து கவனிக்கும் அன்சிபிள் போன்ற கருவிகளும் இருக்கின்றன. இவற்றில் எதை எடுப்பது என்பதைப் பெரும்பாலும் எதில் தட்டச்சு குறைவு என்பதை வைத்தே முடிவு செய்கிறார்கள். அந்த அளவுகோல் போதாது. நாம் சொல்லாமல் விட்டவற்றை அந்தக் கட்டளை நமக்காக எப்படி முடிவு செய்கிறது, அந்த முடிவை நமக்குக் காட்டுகிறதா இல்லையா என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

கணினியின் பார்வையில் ஒரு கணக்கு என்பது சில கோப்புகளில் எழுதப்படும் சில வரிகள்தான். கணினியின் அமைப்புக் கோப்புகள் இருக்கும் எட்சி அடைவில் உள்ள பாஸ்வேர்டு கோப்பில், முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட 7 புலங்கள் கொண்ட ஒரு வரி சேர வேண்டும்: பெயர், கடவுச்சொல்லுக்கான இடம், பயனர் எண், முதன்மைக் குழுவின் எண், முழுப்பெயர் போன்ற குறிப்பு, பயனரின் கோப்புகள் தங்கும் முகப்பு அடைவு, தட்டச்சு செய்யும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல். சாதாரணப் பயனர்கள் திறக்க முடியாத ஷேடோ கோப்பில், மறைகுறியாக்கப்பட்ட கடவுச்சொல்லும் அதன் காலக்கெடுக்களும் அடங்கிய 9 புலங்கள் கொண்ட இன்னொரு வரி சேர வேண்டும். குழுக் கோப்பில் இடம் வேண்டும். முகப்பு அடைவை உருவாக்கி, ஸ்கெல் அடைவில் உள்ள மாதிரிக் கோப்புகளை அதில் நகலெடுத்து, எல்லாவற்றையும் புதியவரின் பெயருக்கு மாற்ற வேண்டும். கட்டளைக்குப் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு நாம் நகர்ந்துவிட்டால், இத்தனையையும் வேறு யாரோ தீர்மானித்தாக வேண்டும்.

யூசர்ஆட் கட்டளையில் அந்த 'வேறு யாரோ' நாம் பயன்படுத்தும் லினக்ஸ் வழங்கலை, அதாவது டெபியன், உபுண்டு, ரெட் ஹேட் போன்ற தொகுப்பைத் தயாரித்தவர்கள். யூசர்ஆட் கீழ்மட்டக் கருவி, எல்லா முக்கிய வழங்கல்களிலும் கிடைக்கும், எதையும் கேட்காது. தன் இயல்பான தெரிவுகளை லாகின் டெஃப்ஸ் என்ற கோப்பிலிருந்தும், டிஃபால்ட் அடைவில் தன் பெயரிலேயே உள்ள கோப்பிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. இந்தக் கோப்புகள் வழங்கலுக்கு வழங்கல் வேறுபடுகின்றன என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ரெட் ஹேட் குடும்பத்தில் பெயரை மட்டும் கொடுத்தாலே முகப்பு அடைவு உருவாகிவிடும். டெபியனிலோ உபுண்டுவிலோ அதே கட்டளையை அதே வடிவில் கொடுத்தால் அடைவு உருவாகாது. எம் என்ற தெரிவை, அதாவது கட்டளையோடு எழுதும் கூடுதல் குறிப்பை, சேர்த்தால்தான் உருவாகும். ஷெல்லும் அப்படியே: ரெட் ஹேட்டில் பாஷ் கிடைக்கும், டெபியனில் எஸ் தெரிவைக் கொடுத்துக் குறிப்பிடாவிட்டால், வசதிகள் குறைந்த எஸ்ஹெச் கிடைக்கும்.

அதன் விளைவை அருகிலிருந்து பார்ப்பது பயன் தரும். டெபியன் சர்வரில் எம் தெரிவும் எஸ் தெரிவும் இல்லாமல் உருவாக்கிய கணக்கில் ஒருவர் முதன்முறையாக நுழைகிறார். முகப்பு அடைவுக்குள் செல்ல முடியவில்லை என்ற ஒரு வரி வருகிறது. அவர் கணினியின் வேர் அடைவில் நிற்கிறார். பெயரோ இருப்பிடமோ எதுவும் காட்டாத வெறும் டாலர் குறி மட்டும் திரையில் காத்திருக்கிறது. முந்தைய கட்டளையைத் திரும்பக் கொண்டுவர மேல் அம்புக்குறியை அழுத்துகிறார். கட்டளைக்குப் பதிலாகச் சதுர அடைப்புக்குறிகளும் எழுத்துகளும் கொட்டுகின்றன. டேப் விசையை அழுத்தினால் கோப்புப் பெயர் நிரம்புவதில்லை. சர்வர் பழுதாகிவிட்டது என்றுதான் அவர் நினைப்பார். பழுது எதுவும் இல்லை. கணக்கைத் திறந்தவர் இரண்டு எழுத்துகளைச் சேர்க்காமல் விட்டதும், கட்டளை அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் வெற்றி என்று முடித்துக்கொண்டதுமே காரணம்.

கடவுச்சொல் விஷயத்தில் யூசர்ஆட் எடுக்கும் முடிவு நல்லது. கடவுச்சொல்லைப் பற்றி நாம் எதுவும் சொல்லாவிட்டால், ஷேடோ கோப்பின் அந்தப் புலத்தில் ஓர் ஆச்சரியக்குறியை எழுதிவிடும்; எந்தக் கடவுச்சொல்லும் அதோடு பொருந்தாது, ஆகவே கடவுச்சொல் கொடுத்து யாரும் நுழைய முடியாது. கணக்கு பூட்டியே இருப்பதும், கடவுச்சொல்லே கேட்காமல் திறந்து கிடப்பதும் வேறு வேறு. புலம் காலியாக இருந்தால்தான் இரண்டாவது நிலை. இந்த வேறுபாட்டை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொண்டால் பின்னால் பல குழப்பங்கள் தவிரும். ஆனால் இதே கட்டளையில் உள்ள பி தெரிவு பலரைத் தடுக்கி விழவைக்கிறது. அது எதிர்பார்ப்பது கடவுச்சொல்லை அல்ல, ஏற்கெனவே மறைகுறியாக்கப்பட்ட சரத்தை. நேரடியாகக் கடவுச்சொல்லையே கொடுத்தால் கட்டளை ஏற்றுக்கொள்ளும், கணக்கும் உருவாகும், அந்தக் கடவுச்சொல் மட்டும் ஒருநாளும் வேலை செய்யாது. ஷேடோ கோப்பிலோ அது அப்படியே வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். போதாக்குறைக்கு, கட்டளைவரியில் கொடுத்தது எதுவும் ஷெல்லின் வரலாற்றுக் கோப்பில் தங்கும். கட்டளை ஓடும் கணத்தில் இயங்கும் நிரல்களின் பட்டியலிலும் தெரியும். பி தெரிவைத் தொடாமல், கணக்கை உருவாக்கிய பிறகு பாஸ்வேர்டு கட்டளையால் கடவுச்சொல் அமைப்பதே சரி.

ஆட்யூசர், டெபியன் குடும்பத்தில், பெர்ல் மொழியில் எழுதப்பட்ட ஒரு நிரல். பெரும்பாலான வேலைகளுக்கு உள்ளுக்குள் யூசர்ஆட்டையே அழைக்கிறது. அது கூடுதலாகத் தருவது வெளிப்படைத்தன்மை. எந்த எண்ணில் கணக்கைத் திறக்கிறது, எந்தக் குழுவை உருவாக்குகிறது, முகப்பு அடைவை எங்கே அமைக்கிறது, ஸ்கெல் அடைவிலிருந்து நகலெடுக்கிறதா என்பதை வரிவரியாகத் திரையில் எழுதுகிறது. கடவுச்சொல்லை இருமுறை கேட்கிறது. தட்டச்சு செய்வது திரையில் தெரிவதில்லை. பிறகு முழுப்பெயர், அறை எண், தொலைபேசி எண் ஆகியவற்றைக் கேட்டு, எல்லாம் சரியா என்று உறுதிசெய்துகொள்கிறது. அறை எண் கேட்பது பல்கலைக்கழகக் கணினி மையங்களில் யுனிக்ஸ் வளர்ந்த காலத்தின் எச்சம். எதுவும் எழுதாமல் என்டர் விசையை அழுத்திக் கடக்கலாம். பெயரில் பெரிய எழுத்தோ அனுமதிக்கப்படாத குறியோ இருந்தால் மறுத்துவிடும். எவரும் அறியாமல் செய்யும் பிழைகளில் பெரும்பகுதி இந்தக் கேள்வி பதிலிலேயே பிடிபட்டுவிடுகிறது.

அப்படியென்றால் எப்போதும் ஆட்யூசர்தானே நல்லது என்ற கேள்வி எழும். டெபியன் அல்லது உபுண்டு கணினி ஒன்றில், ஒரு மனிதருக்கு, நம் கையால் ஒரு கணக்கைத் திறப்பதென்றால் ஆம், தயங்காமல் ஆட்யூசரையே எடுக்கலாம். அந்த எல்லையைத் தாண்டினால் நிலைமை மாறுகிறது. ஃபெடோராவிலும் ரெட் ஹேட்டிலும் ஆட்யூசர் என்ற பெயர் யூசர்ஆட்டுக்கான ஒரு சுட்டி மட்டுமே. அங்கே அதை ஓட்டினால் எந்தக் கேள்வியும் வராது. ஆல்பைன் லினக்ஸில் உள்ள ஆட்யூசர் பிஸிபாக்ஸ் என்ற தொகுப்பின் பகுதி. பெயர் ஒன்றாக இருந்தாலும் அதன் தெரிவுகள் முற்றிலும் வேறு. கடவுச்சொல் இன்றிக் கணக்கைத் திறக்க டெபியனில் நீண்ட சொல்லாக எழுதும் தெரிவை ஆல்பைனில் பெரிய எழுத்து டி ஒன்றால் எழுத வேண்டும். கன்டெய்னர் படிமத்துக்கான (ஒரு நிரலை அதற்கு வேண்டிய கோப்புகளோடு கட்டிவைக்கும் பொதிக்கான) செய்முறைக் கோப்பில் ஆட்யூசரை எழுதி வைத்துவிட்டு, பிறகு அளவு குறையட்டும் என்று அடிப்படைப் படிமத்தை டெபியனிலிருந்து ஆல்பைனுக்கு மாற்றுகிறவர்கள், உருவாக்கம் அந்த வரியில் முறிந்து நிற்பதைக் காண்பார்கள். அங்கே யூசர்ஆட்டை எழுதினாலும் ஷேடோ என்ற தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும்.

ஆகவே, மனிதர் முன்னால் உட்கார்ந்து ஓட்டும் இடத்தில் ஆட்யூசரும், கோப்பில் எழுதிப் பிறகு யாரும் பார்க்காமல் ஓடும் இடத்தில் யூசர்ஆட்டும் பொருந்தும். இரண்டாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: முகப்பு அடைவு, ஷெல், குழுக்கள் ஆகிய மூன்றையும், இயல்பிலேயே சரியாக இருக்கிறது என்று தெரிந்தாலும், வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். முகப்பு அடைவின் அனுமதியையும் இதோடு சேர்ப்பேன். உபுண்டு 21.04 பதிப்பிலிருந்து புதிய முகப்பு அடைவுகள் 750 என்ற அனுமதியுடன் உருவாகின்றன. அதற்கு முன் 755 ஆக, அதாவது அந்தக் கணினியில் கணக்குள்ள எவரும் உள்ளே எட்டிப் பார்க்கக்கூடியதாக இருந்தது. பழைய சர்வரிலும் புதிய சர்வரிலும் ஒரே ஸ்கிரிப்டை ஓட்டினால் இரண்டு விதமான அந்தரங்கம் கிடைக்கும்.

ஒரே நேரத்தில் பலரைச் சேர்க்க வேண்டிய இடத்துக்கு வருவோம். ஒரு பயிற்சி வகுப்புக்கு 40 கணக்குகள் வேண்டுமென்றால், 40 முறை ஆட்யூசரின் கேள்விகளுக்குப் பதில் சொல்வது சரிப்படாது. நியூயூசர்ஸ் இதற்காகவே உள்ளது. பாஸ்வேர்டு கோப்பின் அதே 7 புல வடிவில் ஒரு கோப்பைத் தயாரித்துக் கொடுத்தால், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சேர்த்துவிடும். வேகம் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று காரணங்களால் நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. கோப்பின் இரண்டாம் புலத்தில் 40 பேரின் கடவுச்சொற்களும் அப்படியே எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கோப்பு எங்கே நகலாகிறது, எப்போது அழிக்கப்படுகிறது என்பதற்குப் பொறுப்பு முழுவதும் நம்முடையது. முகப்பு அடைவை அது உருவாக்கினாலும், ஸ்கெல் அடைவின் மாதிரிக் கோப்புகளை நகலெடுப்பதில்லை. பாஷ் கேட்டு வாங்கிய பயனருக்கும் வழக்கமான அமைப்புக் கோப்புகள் இல்லாத வெற்று அடைவுதான் கிடைக்கிறது. மூன்றாவதுதான் அபாயமானது: கோப்பில் உள்ள பெயர் ஏற்கெனவே கணினியில் இருந்தால், அது பிழை என்று நிற்காமல், இருக்கும் கணக்கைப் புதிய விவரங்களுக்கு மாற்றிவிடும். புதிய மாணவரின் பெயரும் பழைய ஊழியரின் பயனர்பெயரும் ஒன்றாக அமைந்துவிட்டால், அந்த ஊழியரின் கடவுச்சொல் அறிவிப்பின்றி மாறிப்போகும்.

யூசர்ஆட்டைச் சுற்றி நாமே எழுதும் சிறு ஸ்கிரிப்ட் இந்த மூன்றையும் தவிர்க்கிறது. பெயர் ஏற்கெனவே இருந்தால் யூசர்ஆட் 9 என்ற முடிவுக்குறியீட்டுடன் நின்றுவிடும். நாம் குறிப்பிட்ட பயனர் எண் வேறொருவரிடம் இருந்தால் 4. ஸ்கிரிப்ட் இந்த எண்ணைப் பார்த்து அந்தப் பெயரைத் தனியே குறித்துக்கொண்டு அடுத்தவருக்குச் செல்லலாம். கடவுச்சொல்லுக்கு, ஒவ்வொருவருக்கும் சீரற்ற ஒரு சரத்தை உருவாக்கி, அதை உள்ளீட்டு வழியாகச் சிஹெச்பாஸ்வேர்டு கட்டளைக்கு அனுப்பலாம். அதனால் நிரல்களின் பட்டியலில் அது தெரியாது. பிறகு சேஜ் கட்டளையின் டி தெரிவில் 0 கொடுத்தால், முதல் நுழைவிலேயே கடவுச்சொல்லை மாற்றியாக வேண்டிய நிலை ஏற்படும். பத்துப் பதினைந்து வரிகளுக்கு மேல் ஆகாது. ஒருமுறை எழுதி, சோதனைக் கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

குழுக்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் கணக்கு உருவாக்கத்தில் தொடங்கி அதிகம் பேர் காயப்படும் இடம் இதுதான். நிர்வாக உரிமை தரும் குழுவின் பெயர் டெபியன் குடும்பத்தில் சூடோ, ரெட் ஹேட் குடும்பத்தில் வீல். கணக்கை உருவாக்கும்போது பெரிய எழுத்து ஜி தெரிவில் இதைக் கொடுத்துவிட்டால் சிக்கல் இல்லை. மறந்துவிட்டுப் பிறகு யூசர்மாட் கட்டளையால் சேர்க்கும்போதுதான் கவனம் தேவை. அங்கே பெரிய ஜி தெரிவைத் தனியாகக் கொடுத்தால், நாம் எழுதிய குழுக்கள் மட்டும் தங்கி, மற்ற கூடுதல் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் அந்தப் பயனர் நீக்கப்படுவார். ஏற்கெனவே உள்ளவற்றோடு சேர்க்க ஏ தெரிவும் உடன் வேண்டும். கன்டெய்னர்களை இயக்க அனுமதி தரும் டாக்கர் குழுவில் தன்னைச் சேர்த்துக்கொள்ள முயன்ற நிர்வாகி, அதே வரியில் சூடோ குழுவிலிருந்து வெளியேறிவிட்டதை அடுத்த நுழைவில்தான் அறிவார். டெபியனின் ஆட்யூசர் இங்கே பாதுகாப்பானது: பயனர்பெயரையும் குழுப்பெயரையும் அடுத்தடுத்துக் கொடுத்தால், பழைய குழுக்களைத் தொடாமல் சேர்க்கும்.

கணினிகள் பெருகும்போது அன்சிபிள் போன்ற கருவி கைகொடுக்கும். எந்தக் கணக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரு கோப்பில் எழுதுகிறோம். எத்தனை முறை ஓட்டினாலும், இருப்பது இருந்தபடி இருக்கும், இல்லாதது மட்டும் உருவாகும். யாருக்கு எப்போது கணக்கு திறக்கப்பட்டது என்பதும் அந்தக் கோப்பின் வரலாற்றில் பதிவாகிறது. ஐந்து சர்வர்களுக்கு மேல் இருந்தால் இதைக் கற்பதற்குச் செலவாகும் நேரம் வீணல்ல. ஆனால் சொல்லாமல் எடுக்கும் முடிவுகள் இங்கேயும் உண்டு. குழுக்களைக் குறிப்பிட்டுவிட்டு, சேர்க்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லாவிட்டால், யூசர்மாட் செய்த அதே நீக்கத்தைச் செய்யும், அதுவும் எல்லாச் சர்வர்களிலும் ஒரே நேரத்தில். கோப்பில் கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தால், பயனர் தானே மாற்றிக்கொண்ட கடவுச்சொல்லை அடுத்த ஓட்டத்தில் பழையதற்கே திருப்பிவிடும்; உருவாக்கும்போது மட்டும் அமைக்கவும் என்று நாம் எழுதியாக வேண்டும். பட்டியலிலிருந்து ஒருவரின் பெயரை அழித்துவிட்டால் அவருடைய கணக்கு போய்விடும் என்று நம்புவதும் தவறு. இருக்கக் கூடாது என்று வெளிப்படையாக எழுதினால்தான் போகும்.

விண்டோஸிலும் இதே வேறுபாடு இருக்கிறது என்பதை ஒரு வரியில் குறிப்பிடலாம்: பழைய நெட் யூசர் கட்டளை புதிய கணக்கை யூசர்ஸ் குழுவில் தானே சேர்க்கும், பவர்ஷெல்லின் நியூ லோக்கல்யூசர் சேர்க்காது, அதற்கு இன்னொரு கட்டளை வேண்டும்.

மீண்டும் லினக்ஸுக்கே வருகிறேன். கணக்கைத் திறக்கும் கட்டளைகளை ஒப்பிடும்போது பெரும்பாலும் எவரும் கேட்காத கேள்வி, பயனர் எண்ணை அது எப்படித் தேர்கிறது என்பது. கோப்புகளுக்கு உரிமையாளராகக் கணினி பதிந்துவைப்பது பெயரை அல்ல, எண்ணை. மனிதர்களுக்கான எண்கள் வழக்கமாக 1000இலிருந்து தொடங்குகின்றன. யூசர்ஆட், அந்த வரம்புக்குள் இப்போது உள்ள மிகப்பெரிய எண்ணுக்கு அடுத்ததை எடுக்கிறது. டெபியனின் ஆட்யூசர், வரம்பின் தொடக்கத்திலிருந்து பார்த்து முதலில் காலியாக உள்ள எண்ணை எடுக்கிறது. சிறு வேறுபாடு போலத் தெரியும். ஒரு கணக்கை அழிக்கும் நாளில்தான் இதன் எடை புரியும்.

நான் கவனித்துவந்த ஒரு சர்வரில் ஒருவர் பணியிலிருந்து விலகியபோது, அவருடைய கோப்புகள் யாருக்காவது தேவைப்படலாம் என்று முகப்பு அடைவை விட்டுவைத்துக் கணக்கை மட்டும் அழித்தேன். சில நாள்களில் புதிதாக வந்தவருக்கு ஆட்யூசரால் கணக்கு திறந்தேன். அடுத்த நாள் அவர் வந்து, தான் உருவாக்காத ஓர் அடைவு தன் பெயரில் இருப்பதாகவும், அதில் யாருடைய கடிதங்களோ இருப்பதாகவும் சொன்னார். விலகியவரின் எண் 1004. புதியவருக்குக் கிடைத்ததும் 1004. கணினிக்கு அவர்கள் இருவரும் ஒருவர். அவர் நேர்மையாக வந்து சொன்னதால்தான் எனக்குத் தெரிந்தது. அன்று நான் யூசர்ஆட்டைப் பயன்படுத்தியிருந்தாலும் தப்பியிருக்க மாட்டேன். 1004தான் பட்டியலின் கடைசி எண்ணாக இருந்தது.

அதன் பிறகு மனிதர்களுக்கான கணக்குகளை இரண்டு மாற்றங்களோடு நிர்வகிக்கிறேன். ஸ்கிரிப்டாகட்டும் அன்சிபிளாகட்டும், பயனர் எண்ணை நானே கொடுக்கிறேன். யாருக்கு எந்த எண் என்ற பதிவேடு ஒன்றிலிருந்து எடுத்து, ஒருமுறை கொடுத்த எண்ணை மறுபடி எவருக்கும் கொடுப்பதில்லை. கோப்புகளை என்எஃப்எஸ் என்ற பிணையக் கோப்புப் பகிர்வு வழியாகப் பல சர்வர்கள் பகிரும் இடத்தில் இது எப்படியும் தேவைப்படும், ஏனெனில் ஒரே மனிதருக்கு ஒவ்வொரு சர்வரிலும் ஒவ்வோர் எண் இருந்தால் அவருடைய கோப்புகள் இன்னொருவருடையவையாகத் தெரியும். இரண்டாவதாக, விலகியவரின் கணக்கை உடனே அழிப்பதில்லை. யூசர்மாட்டின் பெரிய எழுத்து எல் தெரிவு கடவுச்சொல்லை மட்டுமே பூட்டும், தொலைவிலிருந்து கடவுச்சொல் இல்லாமல் நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் திறவுகோல் வைத்திருப்பவர் அதன் பின்னும் நுழைய வாய்ப்புண்டு என்பதால், அதோடு நிறுத்தாமல் சேஜ் கட்டளையின் பெரிய எழுத்து இ தெரிவில் 0 கொடுத்துக் கணக்கையே காலாவதியாக்குகிறேன். பிறகு ஃபைண்ட் கட்டளையால் அவர் பெயரில் உள்ள கோப்புகளை எல்லாம் தேடி, ஒவ்வொன்றும் யாரிடம் போக வேண்டும் என்று முடிவான பிறகே கணக்கை நீக்குகிறேன்.